ஆட்டின் முதுகில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்

"ஆடெல்லாம் நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கு டாக்டர், ஆனா சினையே நிக்க மாட்டேங்குது." இந்த வரியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. போய்ப் பார்த்தால் அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, உண்மையிலேயே அளவு மீறிக் கொழுத்த வெள்ளாட்டுப் பெட்டைகள். இல்லையென்றால், முடியும் வயிறும் சேர்ந்து மறைத்து வைத்திருக்கும் எலும்பும் தோலுமான பெட்டைகள். வளர்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆட்டின் வயிறு சரியான ஏமாற்றுக்காரன். சத்தில்லாத நார்த்தீவனத்தை நிறையத் தின்ற ஆட்டுக்கும் வயிறு பெருத்திருக்கும், குடற்புழு மண்டிய குட்டிக்கும் பெருத்திருக்கும், சினையாட்டுக்குக் கேட்கவே வேண்டாம். சரி, தராசு உண்மை சொல்லுமா என்றால் அதுவும் பாதிதான் சொல்லும். 35 கிலோ என்பது சின்ன உடல்வாகு கொண்ட ஆட்டுக்குக் கொழுப்பாக இருக்கலாம், பெரிய உடல்வாகு கொண்ட ஆட்டுக்குப் பட்டினியாக இருக்கலாம். சினை முற்றிய ஆட்டில் குட்டியும் பனிக்குட நீரும் எடையை ஏற்றிக்கொண்டே போகும். அதே நேரத்தில் தாயின் சதை கரைந்துகொண்டிருக்கும். எடை ஏறுகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

அதனால்தான் கையால் தொட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. ஆட்டைச் சமதரையில் பதற்றமில்லாமல் நிறுத்துங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள முதுகுப் பகுதியில் கையை வையுங்கள். நடுவில் மேல்நோக்கி நிற்பது முதுகு முள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பவை குறுக்கெலும்புகள். இரண்டுக்கும் இடையில் சதை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதுகு முள் கத்தி விளிம்புபோல் கூராக நின்று, குறுக்கெலும்புகளின் அடியில் விரல் நுனி தாராளமாக நுழைந்தால் அது 1. எலும்பு கைக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது, ஆனால் கூர் மழுங்கி மேலே கொஞ்சம் சதை இருக்கிறது என்றால் 2. முதுகு முள் உருண்டையாகி, சற்று அழுத்தினால்தான் எலும்புகள் தனித்தனியாகத் தெரிகின்றன, இடையில் சதை நிரம்பியிருக்கிறது என்றால் 3. நன்றாக அழுத்தினாலும் முதுகு முள் ஒரே கோடாகத்தான் தெரிகிறது, குறுக்கெலும்பின் நுனி அகப்படவில்லை என்றால் 4. எலும்பு எங்கே என்றே தேட வேண்டியிருந்தால் 5. இடைப்பட்டவற்றுக்கு 2.5, 3.5 என்று அரை மதிப்பெண் போடலாம்.

முதுகோடு நிறுத்திவிடக் கூடாது. செம்மறி கொழுப்பைத் தோலுக்கடியில் தாராளமாகச் சேர்க்கும், வெள்ளாடு அப்படியில்லை. முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றித்தான் சேர்க்கும். முதுகு ஒல்லியாகவும் உள்ளே கொழுப்பாகவும் இருக்கும் பெட்டைகள் உண்டு. ஆகவே முன்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டு நெஞ்செலும்பையும் தொட்டுப் பாருங்கள். அங்குள்ள கொழுப்புத் திண்டு விரலுக்குள் பிடிபட்டு, லேசாக அசைந்தால் நல்ல நிலை. எலும்பின் மூட்டுகளே தட்டுப்பட்டால் மெலிவு. பிடிக்கவே முடியாமல் அசையாமல் கிடந்தால் கொழுப்பு கூடிவிட்டது. படுத்துப் படுத்து அங்கே தோல் காய்த்திருக்கும். அதைக் கொழுப்பென்று எண்ணிவிடாதீர்கள், நானே ஆரம்பத்தில் ஏமாந்திருக்கிறேன்.

கிடாவோடு சேர்க்கும்போது பெட்டை 2.5 முதல் 3 வரை இருந்தால் போதும். குட்டி போடும்போது 3 முதல் 3.5. இங்கேதான் பலரும் தவறும் இடம் வருகிறது. இனச்சேர்க்கை தொடங்கும் வாரத்தில் வந்து "ஆடு மெலிவா இருக்கு, என்ன கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். ஒரு முழு மதிப்பெண் ஏற நல்ல தீவனம் கொடுத்தாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். டானிக் பாட்டில் அதை ஒரு வாரத்தில் செய்து காட்டாது. சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

2 முதல் 2.5 வரை உள்ள பெட்டைகளுக்கு, சேர்ப்பதற்கு 2, 3 வாரம் முன்பிருந்து அடர் தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு போன்ற சத்துச் செறிந்த தீவனம்) கூட்டினால் சினைமுட்டைகள் கூடுதலாக வெளிப்படும், இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பும் கூடும். நாளுக்கு 200 முதல் 300 கிராம் போதும். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடே போய்விடும். கிடா சேர்ந்த பின்னும் 2, 3 வாரம் இதைத் தொடருங்கள். கரு கருப்பையில் ஒட்டும் காலம் அது. சட்டென்று தீவனத்தைக் குறைத்தால் சினை தங்காமல் போகலாம். ஏற்கெனவே 3.5, 4 என்று இருக்கும் ஆட்டுக்கு இந்தக் கூடுதல் தீவனம் வீண்.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கருவின் வளர்ச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் கடைசி 6 முதல் 8 வாரத்தில்தான் நடக்கிறது. கருப்பை பெருத்து இரைப்பைக்கு இடம் குறைகிற காலமும் அதுதான். மெலிந்த ஆட்டிடம் எடுத்துக்கொள்ள இருப்பு இல்லை. கொழுத்த ஆட்டுக்கோ உள்கொழுப்பால் இரைப்பைக்கு இடம் இன்னும் சுருங்கி, தின்பது குறைகிறது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அது அளவு மீறும்போது ஈரலில் கொழுப்பு படிந்து, கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் இரத்தத்தில் ஏறி, சினைகால நச்சு நோய் வருகிறது. இரட்டை, மூன்று குட்டி சுமக்கும் ஆடுகளில் இது அதிகம். தீவனத்தை மறுப்பது, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்பது, பல்லைக் கடிப்பது, மூச்சில் ஒருவித இனிப்பு வாடை, அப்புறம் எழ முடியாமல் படுத்துவிடுவது. முதல் அறிகுறியிலேயே மருத்துவரை அழையுங்கள், மறுநாள் பார்ப்போம் என்று விட்டால் பெரும்பாலும் தாமதமாகிவிடும். கொழுத்த ஆட்டை இளைக்க வைக்க நினைத்தால் சினைக்கு முன்பே செய்துவிடுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் பட்டினி போட்டு நோயை வரவழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிடாவை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பருவம் வந்துவிட்டால் அது தீவனத்தையே மறந்துவிடும். 3 முதல் 3.5 என்ற நிலையில் தொடங்கினால்தான் சேர்க்கைக்காலம் முழுவதும் தாங்கும்.

மெலிவு என்றதும் தீவனத்தைக் கூட்டுவதும் சரியான வழக்கமில்லை. மந்தை முழுக்க 2 என்றால் தீவனத்தில் குறை. ஒன்றிரண்டு மட்டும் மெலிந்திருந்தால் அந்த ஆட்டிடம் ஏதோ இருக்கிறது. பல் தேய்ந்திருக்கலாம், நொண்டலாம், வலுத்த ஆடுகள் தொட்டியிலிருந்து முட்டித் தள்ளலாம். கீழ் இமையின் உட்பக்கம் வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கமும் இருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவை முதலில் சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் தொட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு பேர் பார்த்தால் அரை மதிப்பெண் வித்தியாசம் வரத்தான் செய்யும். காதிலுள்ள எண், தேதி, மதிப்பெண் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, சினையின் நடுப்பகுதியில், குட்டி போடும்போது, குட்டிகள் பால் மறக்கும்போது என்று நான்கு தடவை போதும். பால் மறக்கும்போது 2-க்குக் கீழே இறங்கிவிட்ட பெட்டையை அடுத்த சுற்றுக்கு அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். முதல் நாள் ஓர் ஆட்டுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும், பழகிவிட்டால் அரை நிமிடம்.