கிணற்றடிக்குப் போகும் வயர்

ஒரு வீட்டின் வயரிங்கைச் சோதிக்கக் கூப்பிட்டால் நான் முதலில் கிணற்றடிக்குத்தான் போவேன். வீட்டுக்குள் இருக்கும் வயர் சுவருக்குள்ளே, பைப்புக்குள்ளே, வெயில் மழை படாமல் கிடக்கிறது. பழுதானாலும் மெல்லத்தான் பழுதாகும். கிணற்றடிக்குப் போகும் வயர் அப்படியில்லை. குசினிச் சுவரில் இருந்து வெளியே வந்து, கிளுவை வேலியோடு ஓடி, பூவரசில் ஒரு சுற்றுச் சுற்றி, பனையில் அடித்த ஆணியில் தொங்கி, கடைசியில் மோட்டர்க் கொட்டிலுக்குள் நுழைகிறது. யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய், அச்சுவேலி என்று எந்தப் பக்கம் போனாலும் இதைப் பார்க்கலாம். அந்த வயர் போய் முடிகிற இடத்தில் ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்று குளிக்கிறோம், உடுப்புத் தோய்க்கிறோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறோம். நனைந்த தோல் கரண்டை அவ்வளவாகத் தடுக்காது. வளவுக்குள் எனக்கு அதிகம் பயம் தருகிற இடம் இதுதான்.

பெரும்பாலும் அது வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயராக இருக்கும். உள்ளே செம்பு இருக்கிறது, கரண்ட் போகிறது, மோட்டர் ஓடுகிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்பார்கள். வேண்டியது செம்புக்கு மேலே இருப்பது. ஒரு வயரை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதை அதன் உறைதான் தீர்மானிக்கிறது.

செம்பை ஒட்டி இருக்கும் நிறமுள்ள முதல் உறைக்குப் பெயர் இன்சுலேசன். அதன் வேலை வோல்ற்றேஜைத் தாங்குவது மட்டும்தான். அடி, உரசல், வெயில், ஈரம் இவற்றையெல்லாம் தாங்க அது செய்யப்படவில்லை. அதனால்தான் தனி வயர்களைப் பைப்புக்குள் இழுக்கிறோம். ட்வின் வயரில் இரண்டு தனி வயர்களையும் சேர்த்து மூடியிருக்கும் வெளி உறை ஒன்று இருக்கிறது. அது இன்சுலேசனைக் காக்கும் சட்டை. சுவரில் கிளிப் அடித்துப் போட அது போதும். மண்ணுக்குள் புதைக்கப் போதாது. மண்ணுக்குள் போவதற்கென்றே ஆமர்ட் கேபிள் இருக்கிறது. அதில் கோர்களை, அதாவது இன்சுலேசன் போட்ட தனி வயர்களைச் சுற்றி ஒரு மெத்தை போன்ற உள்ளுறை, அதன் மேல் இரும்புக் கம்பிகளாலான கவசம், அதற்கும் மேல் கறுப்பு வெளியுறை என்று அடுக்கடுக்காக இருக்கும். மண்வெட்டி பட்டால் கோர்களுக்கு முன் அந்த இரும்பில்தான் படும். கவசத்தை ஏர்த்தில், அதாவது நிலத்தோடு இணைத்த வயரில் இணைத்திருந்தால், வெட்டு லைவ் (கரண்ட் வருகிற வயர்) வரை போனாலும் கரண்ட் கவசத்தின் வழியே ஏர்த்துக்குப் பாய்ந்து, வீட்டில் உள்ள ட்ரிப் சுவிச் விழுந்து கரண்டை நிறுத்திவிடும். வெட்டியவர் தப்புவார்.

இனி வெயிலைப் பற்றி. வீட்டு வயரின் உறை பி.வி.சி. அது தன் இயல்பில் விறைப்பான பொருள். வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு சேர்க்கையைக் கலக்கிறார்கள். வெயிலும் சூடும் அந்தச் சேர்க்கையை மெல்ல மெல்ல வெளியேற்றுகின்றன. புற ஊதாக் கதிர் பிளாஸ்ரிக்கையே உடைக்கிறது. வேலியில் சில வருடம் கிடந்த வெள்ளை ட்வினைத் தடவிப் பாருங்கள், ஆனால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு. கையில் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் ஒட்டும். வளைத்தால் சடக்கென்று வெடிக்கும். மரத்தைச் சுற்றி வளைந்த இடத்திலும் ஆணியில் தொங்கிய இடத்திலும்தான் முதலில் வெடிப்பு வரும். மிச்சத்தை அணிலும் எலியும் பார்த்துக்கொள்ளும்.

வீதியில் மின்சார சபை இழுத்திருக்கும் முறுக்கிய தடித்த வயர்களைக் கவனித்திருப்பீர்கள். அவை அலுமினியம், மேலே குறுக்குப் பிணைப்புள்ள பொலித்தீன் உறை. எல்லாமே கறுப்பு. அந்தக் கறுப்பு, உறையோடு கலந்த கரித்தூளின் நிறம். வெயிலின் புற ஊதாக் கதிரை அது உறிஞ்சி, உறையைக் காக்கிறது. வெளியே போடுகிற வயர் எதுவானாலும் வெளியுறை கறுப்பாக, வெளிப் பாவனைக்கென்று செய்யப்பட்டதாக இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கோடை முழுக்க வெடித்துக் கிடந்த வயர் தன் கதையைச் சொல்வது ஐப்பசி, கார்த்திகையில். மாரி தொடங்கி இரண்டு மழை பெய்ததும் ட்ரிப் சுவிச் விழுகிறது என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் சில வீடுகளில் அதற்குள் யாரோ வந்து “வேலை முடித்து” விட்டுப் போயிருப்பார்கள். ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேராகக் கொடுத்திருப்பார்கள். மோட்டரும் ஓடுகிறது, லைற்றும் எரிகிறது, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. இதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ட்ரிப் சுவிச் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். லைவில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. எங்கோ ஒழுகி, திரும்பி வருவது குறைந்தால் அது விழுகிறது. வீட்டுக்கு உரியது 30 மில்லி அம்பியர் வகை. மழைக்கு அது விழுகிறது என்றால், வெடித்த உறை வழியாகவோ ரேப் சுற்றிய மூட்டு வழியாகவோ கரண்ட் ஈரத்தில் ஒழுகுகிறது என்று அர்த்தம். ட்ரிப் சுவிச்சை நீக்கிவிட்டால் ஒழுக்கு நிற்காது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லாமல் போகும்.

எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிச்) இருக்கிறதே, ஏர்த் இருக்கிறதே, அவை காப்பாற்றாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. எங்கள் வீடுகளில் ஏர்த் என்பது வளவில் நிலத்துக்குள் அடித்த உலோகக் கம்பி, அதாவது றொட். எங்கள் வலிகாமப் பகுதியில் செம்மண் மேலே மெல்லிய படைதான், கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக் கல். றொட் ஆழமாக இறங்காது, கோடையில் மண் காய்ந்தும் போகும். அந்த ஏர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். மோட்டரின் உடம்பில் லைவ் பட்டால் ஏர்த்துக்குப் பாய்வது 230ஐ 50ஆல் பிரித்தால் வருகிற 4.6 அம்பியர். 16 அம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையவே அசையாது. மோட்டரின் இரும்பு உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்ற்றேஜில் அப்படியே நிற்கும். மோட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருந்தால் கண் இமைப்பதற்குள் கரண்ட் நின்றுவிடும். எங்கள் மண்ணில் ட்ரிப் சுவிச்சையும் ஏர்த்தையும் பிரிக்க முடியாது. ஒன்றை நம்பி மற்றதை விடவும் முடியாது. ட்ரிப் சுவிச்சில் இருக்கும் ரெஸ்ற் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது சுவிச்சைத்தான் சோதிக்கும். ஏர்த் றொட்டை அளக்க மீற்றரோடு ஆள் வரவேண்டும்.

ஒழுகுகிற வயரைக் கண்டுபிடிப்பது கஷ்டமான வேலையும் இல்லை. மோட்டருக்குப் போகும் வயரை இரண்டு பக்கமும் கழற்றி, இன்சுலேசனின் தடையை அளக்கும் 500 வோல்ற் மெகர் மீற்றரை வைத்துக் கோர்களுக்கு இடையிலும் ஏர்த்துக்கும் அளந்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல வயர் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்த வயரை மாற்றத்தான் வேண்டும். மழை பெய்து ஈரம் இருக்கும்போதே அளப்பது நல்லது. கோடையில் அளந்தால் வெடித்த வயரும் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

இன்னொரு பிரச்சினை வயரின் பருமன். வயர்க் கடைகளில் 1/1.13, 7/0.67, 7/0.85, 7/1.04 என்று கேட்டு வாங்குகிறோம். முதல் எண் எத்தனை இழை, அடுத்தது ஒரு இழையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் முறையே 1, 2.5, 4, 6 சதுர மில்லிமீற்றர் வரும். வீட்டில் இருந்து கிணறு 60 மீற்றர் தூரம், மோட்டர் ஒரு எச்பி, போட்டிருப்பது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்று வையுங்கள். ஓடும்போது 7 அம்பியர் எடுத்தால் வயரிலேயே சுமார் 12 வோல்ற் போய்விடும். அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மோட்டர் கிளம்புகிற கணத்தில் ஐந்து மடங்கு, அதாவது 35 அம்பியர் வரை இழுக்கும். அப்போது வயரில் 60 வோல்ற்றுக்கு மேல் விழுந்து, மோட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 170 வோல்ற்தான். கிளம்பும் வலு வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு குறையும் என்பதால் அது பாதியளவுக்கு இறங்கிவிடும். மோட்டர் உறுமும், சுற்றாது, சூடாகும். கப்பாசிற்றரை மாற்றுவார்கள், பிறகு ரீவைண்டிங் செய்வார்கள், அதாவது மோட்டரின் சுருளைத் திரும்பச் சுற்றுவார்கள். இரண்டு வருடத்தில் திரும்பவும் எரியும். பழி எல்லாம் மோட்டருக்கு. அதே தூரத்துக்கு 7/0.85 போட்டிருந்தால் கிளம்பும்போதும் 200 வோல்ற்றுக்கு மேல் கிடைத்திருக்கும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிற தோட்டக் கிணறுகளில் தூரம் இன்னும் அதிகம், லைனின் கடைசியில் வருகிற வோல்ற்றேஜும் ஏற்கெனவே குறைவு. ஒரு ரீவைண்டிங் செலவை மிச்சம் பிடித்தாலே பருமனான வயருக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு திரும்பிவிடும்.

சரி, சரியாகப் போடுவது எப்படி?

வசதி இருந்தால் மூன்று கோர் ஆமர்ட் கேபிள், ஒரு மூட்டும் இல்லாமல், அரை மீற்றருக்குக் குறையாத ஆழத்தில். கீழேயும் மேலேயும் மணல், அதன் மேல் ஓடோ கல்லோ, அதற்கு மேல் எச்சரிக்கை நாடா. எங்கள் மண்ணில் இதைச் சொல்வது சுலபம், தோண்டுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல்லில் அலவாங்கு துள்ளும். அதற்காக அரை அடியில் புதைத்துவிட்டு மேலே மரவள்ளி நடாதீர்கள். ஆழம் கிடைக்காத இடத்தில் கேபிளின் மேல் கொங்கிறீற் போட்டு மூடலாம், அல்லது மதில் ஓரமாகச் சுவரில் கிளிப் அடித்துக் கொண்டு போகலாம். ஆமர்ட் கேபிளின் விலை கட்டாது என்றால், வெளியுறையுள்ள கறுப்புக் கேபிளைத் தடித்த பைப்புக்குள் இழுத்துப் புதைக்கலாம். தனி வயர்களை அப்படி இழுக்க வேண்டாம். புதைத்த பைப்புக்குள் எப்படியும் தண்ணீர் சேரும்.

மூட்டு தவிர்க்க முடியாதது என்றால் அதை நிலத்துக்கு மேலே, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ரேப் சுற்றிய மூட்டைப் புதைத்தால் தண்ணீர் உள்ளே போகும். போனது அங்கேயே நிற்காது, செம்பு இழைகளுக்கு இடையே ஊர்ந்து வெகுதூரம் போகும். பிறகு மூட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பயனில்லை. குருநகர், மயிலிட்டி போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்புகளை இன்னும் வேகமாகத் தின்னும், அங்கே பெட்டிகளை வருடா வருடம் திறந்து பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது உறையின் மேல் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். தயாரித்தவர் பெயர், அளவு, வோல்ற்றேஜ், எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். நம்ப முடியாத விலைக்கு வயர் கிடைத்தால் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியமாக இருக்கலாம். அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மேலே சொன்ன கணக்கை எல்லாம் அது குழப்பிவிடும்.

பழைய வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990இல் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றபிறகு ஆண்டுக்கணக்கில் இருண்டு கிடந்த வீடுகள் பல. கூரை போய், சுவர் நனைந்து, பிறகு திருத்திக் குடியேறியபோது சுவருக்குள் இருந்த பழைய வயரோடு புதிதை மூட்டிக் கொண்டார்கள். இன்று அங்கே நிறங்களே ஆபத்து. பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இப்போதைய முறையில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். மூன்று பேஸ் வீட்டில் நீலம் முன்பு லைவாக இருந்தது, இப்போது கறுப்பு லைவாக வரும். அதாவது இரண்டு நிறங்கள் இடம் மாறி நிற்கின்றன. நிறத்தை நம்பித் தொடாதீர்கள், ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

கூரையில் சோலர் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பனலில் இருந்து இன்வேர்ட்டருக்கு வருவது நேர் மின்னோட்டம், பல நூறு வோல்ற். வெயில் படும்வரை பனலில் அந்த வோல்ற்றேஜ் இருந்துகொண்டே இருக்கும். ஒரு இணைப்பில் பொறி விழுந்தால் வீட்டு மின்சாரத்தைப் போல நொடிக்கு நூறு தடவை பூச்சியத்துக்கு வந்து அணையாது, எரிந்துகொண்டே இருக்கும். அதற்கென்று உள்ள இரட்டை உறைச் சோலர் கேபிளைத் தவிர வேறு எதையும் அங்கே அனுமதிக்காதீர்கள்.

திருவிழா, கலியாண வீடுகளில் றீலில் சுற்றிய எக்ஸ்ரென்சன் வயரை முழுவதும் விரித்துவிட்டுப் பாவியுங்கள். சுற்றியபடியே பெரிய லோட் கொடுத்தால் உள் சுற்றுகளின் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும்.

மின்கம்பத்தில் இருந்து மீற்றர் வரை உள்ள வயர் மின்சார சபையின் பொறுப்பு. காற்றுக்கு அது அறுந்து விழுந்தாலோ, தென்னோலை உரசி உறை உரிந்தாலோ கிட்டப் போகாமல் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். மீற்றருக்கு இந்தப் பக்கம் உங்களுடையது. மாரி வருவதற்கு முன் வயரிங் தெரிந்த, என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, கிணற்றடி வயரின் மெகர் அளவையும் ஏர்த் றொட்டின் தடையையும் ஒரு தாளில் எழுதி வாங்கி சுவிச்சுகள் எல்லாம் இருக்கும் டி.பி. போர்ட்டின் கதவுக்குள் ஒட்டி வையுங்கள். முதல் மழை விட்டதும் இன்னொரு தடவை மெகர் அளந்து, பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வயர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அந்த இரண்டு எண்ணிலும் தெரியும்.