ஆஸ்டியோபிளாஸ்ட்: முளையா, ஆக்கியா?

எக்ஸ்ரே எடுத்து முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றே: "எலும்பு கூடிடுச்சா?" மாவுக்கட்டும் தகடும் அசையாமல் பிடித்துக்கொள்வதோடு சரி, எலும்பைக் கூட வைப்பது அவை அல்ல. முறிந்த முனைகளுக்கு நடுவே புது எலும்பைப் போடுவது உடம்பிலேயே இருக்கும் ஒருவகைச் செல். அதன் பெயர் ஆஸ்டியோபிளாஸ்ட்.

கிரேக்கத்தில் ‘ஆஸ்டியான்’ எலும்பு. ‘பிளாஸ்டோஸ்’ முளை, அரும்பு. வெடிப்பைச் சொல்லும் ஆங்கில ‘பிளாஸ்ட்’டுக்கும் இதற்கும் உறவில்லை. ஜெர்மன் உடற்கூற்றியலாளர் கார்ல் கெகன்பௌர் 1864-இல் சூட்டிய பெயர் இது. 1873-இல் சுவிஸ் உடற்கூற்றியலாளர் ஆல்பர்ட் கோலிக்கர், எலும்பைக் கரைக்கும் எதிர்வேலை பார்க்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர் வைத்தார். ‘கிளாஸ்டோஸ்’ என்றால் உடைந்தது. இரண்டு பெயருமே செல்லின் வேலையைச் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் இவற்றைத் தமிழாக்குவதில் வரும் சிக்கலுக்கு வேர்.

‘பிளாஸ்ட்’ என்று முடிந்தால் இன்னும் முதிராத செல் என்று மருத்துவம் படிப்பவர் நினைப்பது இயல்பு. எரித்ரோபிளாஸ்ட் முதிர்ந்தால் சிவப்பணு ஆகிறது அல்லவா? ஆஸ்டியோபிளாஸ்ட் அப்படிக் காத்திருக்கும் முளை அல்ல, வேலைக்கு இறங்கிவிட்ட செல். முளை நிலையில் இருப்பவை, எலும்பின் உள்ளிருக்கும் மச்சையிலும் (மஜ்ஜை) எலும்பைப் போர்த்திய எலும்புறையிலும் தங்கியிருக்கும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்). அவற்றிலிருந்துதான் இது தேறி வருகிறது.

வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பெயர் தானே விளங்கும். ஏறத்தாழ 20 முதல் 30 மைக்ரோமீட்டர் அளவு, கனசதுரம் போன்ற உருவம், ஒரே உட்கரு. தனியாக வேலை செய்யாது. எலும்பின் மேற்பரப்பில் செங்கல் அடுக்கியதுபோல வரிசையாக உட்காரும். முதலில் சுரப்பது எலும்பு அல்ல, ஆஸ்டியாய்டு என்ற மென்மையான அடித்தளம். அதில் சுமார் 90 விழுக்காடு முதல்வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் தடிப்புத்தான் ஏறும். பத்து நாள் போல ஆனபின் அதில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் இறங்கி இறுக்குகின்றன. வைட்டமின் டி போதாவிட்டால் செல் தன் பங்கைச் செய்தும் பயனில்லை: ஆஸ்டியாய்டு இறுகாமல் தங்கிவிடும். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸில் கால் வளைவது இதனால்தான்.

ஆஸ்டியோகிளாஸ்டும் பெயர்ப்படி எதையும் உடைப்பதில்லை. இரத்த வெள்ளையணு வழியில் வந்த செல்கள் பல ஒன்றாக இணைந்து உருவாவதால் அதற்குப் பல உட்கருக்கள். எலும்பின்மேல் வட்டமாக ஒட்டி, அடியில் அமிலத்தை இறைக்கும். அங்கே பிஹெச் 4.5 அளவுக்கு இறங்கும். தாது கரைந்தபின் மிஞ்சும் கொலாஜனை காதெப்சின் கே என்ற நொதி அரிக்கிறது. முழுக்கக் கரைக்கும் வேலை. இது இல்லாவிட்டால் முறிவில் அவசரமாகப் போட்ட ஒழுங்கற்ற எலும்பு, வலுவான அடுக்கெலும்பாக மாறவே மாறாது.

முறிவில் முதலில் இரத்தம் கட்டும். சில நாளில் எலும்புறைக்கு அடியில் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வேலையைத் தொடங்கிவிடும், ஆனால் முறிவின் நட்டநடுவில் அவற்றால் நிற்க முடியாது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு, அசைவு அதிகம். அதனால் நார்த்திசுவும் குருத்தெலும்பும் முந்திக்கொண்டு பாலம் போடுகின்றன. இரண்டு மூன்று வாரத்துப் படத்தில் ‘ஒன்றுமே தெரியவில்லையே’ என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பாலத்தில் தாது ஏறாததால் எக்ஸ்ரேயில் விழாது.

அசைவுக்குக் கணக்கு உண்டு. எலும்புமுறிவு ஆய்வாளர் ஸ்டீபன் பெரன் வகுத்த கோட்பாட்டின்படி, இடைவெளியின் அகலத்தில் 2 விழுக்காட்டுக்குள் அசைவு இருந்தால்தான் எலும்பு உருவாகும்; 10 வரை குருத்தெலும்பு தாங்கும். 1 மி.மீ. இடைவெளியில் முனைகள் 0.1 மி.மீ. அசைந்தால் அது 10 விழுக்காடு. அதே 0.1 மி.மீ. 5 மி.மீ. இடைவெளியில் நடந்தால் வெறும் 2. ஆக, நெருக்கமாகச் சேர்த்துவிட்டு இறுக்கிப் பிடிக்காமல் விடுவது மிக மோசமான ஏற்பாடு. இடைவெளி சிறியது என்று நிம்மதி அடைவதற்கில்லை.

கூடாமல் நின்ற எலும்பிலும் இரண்டு நிலை உண்டு. முனைகள் யானைக்காலாய்ப் பருத்திருந்தால் செல்கள் இருக்கின்றன, உறுதிதான் இல்லை. பிடிமானத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும். முனைகள் மெலிந்து தேய்ந்திருந்தால் செல்லும் இரத்த ஓட்டமும் குறைவு. அப்போது நோயாளியின் இடுப்பெலும்பு விளிம்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள். குருத்தணுக்களுக்காக மச்சையை உறிஞ்சி எடுப்பதும் உண்டு; அப்போது ஓரிடத்தில் 2 மி.லி. அளவோடு நிறுத்தி ஊசியை நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து இழுத்தால் வருவது பெரும்பாலும் வெறும் இரத்தம், குருத்தணுக்கள் நீர்த்துப்போகும். புகைப்பிடிப்பதை நிறுத்தாதவருக்கு இவ்வளவும் செய்தும் தாமதமாகலாம்.

இனி தமிழ்ச்சொல். ‘பிளாஸ்ட்’டை ‘அரும்பர்’ என்று பெயர்த்து ‘என்பரும்பர்’ என்று எழுதுவோர் உண்டு. ‘என்பு’ நல்ல பழஞ்சொல். "என்புதோல் போர்த்த உடம்பு" என்று குறளிலேயே இருக்கிறது. ஓசையும் அழகு. ஆனால் கிரேக்கப் பெயரின் குறையை அப்படியே சுமந்து வருகிறது, ‘என்பு’ இன்று பேச்சிலும் இல்லை. ‘எலும்பாக்கி’ எனக்கு ஏற்புடையது. ‘ஒலிபெருக்கி’ போலச் செய்கையைச் சொல்லும் ஆக்கம்; எதிர்வேலைக்கு ‘எலும்புக்கரைப்பி’ என்ற இணைச்சொல்லும் கிடைக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட்களில் சில, தாம் போட்ட எலும்புக்குள்ளேயே சிக்கி ஆஸ்டியோசைட் ஆகின்றன. அதில் உள்ள ‘சைட்’டின் வேரான கிரேக்க ‘கைட்டோஸ்’ உட்குழிவான பாத்திரம். ‘கலம்’ என்ற நம் சொல்லுக்கும் பாத்திரம் என்ற பொருள் உண்டு. ‘எலும்புக்கலம்’ என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

எழுதும்போது ஒன்று கவனிக்க. ‘எலும்பாக்கி’ வினையெச்சமாகவும் படிக்கப்படலாம். ‘எலும்பாக்கி ஆஸ்டியாய்டைச் சுரக்கிறது’ என்றால் ‘எலும்பாக ஆக்கிவிட்டு’ என்று வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். எழுவாயாக வரும் இடத்தில் ‘எலும்பாக்கிச் செல்’ அல்லது ‘எலும்பாக்கிகள்’ என்று எழுதுக. ‘எலும்பாக்கியின்’, ‘எலும்பாக்கியை’ என வேற்றுமை ஏறிவிட்டால் குழப்பமில்லை.