மெதுவாகப் பறக்கத் தெரிந்த விமானம்

ஆடி மாதத்தில் பணகுடி மொட்டைமாடியில் நின்று பேசினால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பாதிப் பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அன்று அக்கா வீட்டு மாடியில் இரண்டு விமானிகள். ஒருவர் அத்தான், கடற்படையில் டார்னியர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவன் சின்னம்மா மகன்; மாலத்தீவில் கடல் விமானம் ஓட்டுகிறான், லீவில் வந்திருந்தான். பேச்சு அவன் ஓட்டும் ட்வின் ஆட்டர் விமானத்தைப் பற்றி.

“ஏல, எங்க அப்பா காலத்து விமானத்துக்குப் பெயிண்ட் அடிச்சு வித்தா அது புதுசாயிருமா?” என்று அத்தான் ஆரம்பித்தார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கனடாவின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் செய்த ட்வின் ஆட்டர் முதலில் பறந்தது 1965 மே மாதம். 1988-ல் 844 விமானங்களோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, அதே கனடாவில் வைக்கிங் ஏர் என்ற நிறுவனம் அதைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. 845-ஆவது விமானம் 2010-ல் பறந்தது. கம்ப்யூட்டரும் கார்பன் இழையும் வந்துவிட்ட காலத்தில், அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் செய்கிற, சக்கரத்தைக்கூட உள்ளே மடக்காத ஒரு விமானத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கொடுக்கிறார்கள். வேகமாகப் பறக்க நிறைய விமானம் உண்டு. பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் பறக்கத் தெரிந்தது ரொம்பக் குறைவு.

மெதுவில் என்ன பெருமை என்றால், தரையிறங்கும்போது பிரேக் தின்று தீர்க்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஏ320 போன்ற ஜெட் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டரில் ஓடுதளத்தைத் தொடும். ட்வின் ஆட்டர் மணிக்கு 107 கிலோமீட்டர் வரைக்கும் வேகத்தைக் குறைத்தாலும் காற்றில் நிற்கும். நாற்கரச் சாலையில் அதைவிட வேகமாகக் கார் ஓட்டுகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தூத்துக்குடி விமான நிலையம் என்கிற நம் வாகைக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாக அங்கே ஓடுதளம் 1,350 மீட்டர்தான், ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானங்கள்தான் வந்துபோயின. பெரிய ஜெட்டுக்காக அதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்ட வேண்டியதாயிற்று. ட்வின் ஆட்டர் 15 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி நிற்கக் குறைந்தபட்சம் சுமார் 320 மீட்டர் போதும். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் நீளத்தில் பாதிகூட வேண்டாம்.

சரி, மெதுவாகப் பறப்பதில் என்ன கஷ்டம்? அத்தான் உளுந்து புடைத்து ஓரமாக வைத்திருந்த சுளகை எடுத்துக் காற்றுக்கு எதிரே கிடையாகப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. முன் விளிம்பை லேசாக உயர்த்தினார்; சுளகு கையை மேலே இழுத்தது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினார், இழுப்பு கூடியது. இன்னும் உயர்த்தியதும் சட்டென்று தூக்கல் போய், சுளகு படபடவென்று அடித்துக்கொண்டு அவரைப் பின்னால் தள்ளியது. “இதாம்ல ஸ்டால்.”

இறக்கைக்கும் இதே கதைதான். வேகம் குறைந்தால் தூக்குவிசை குறையும். ஈடுகட்ட இறக்கையைச் சாய்க்க வேண்டும். ஓர் அளவுக்கு மேல் சாய்த்தால் மேற்பரப்பை ஒட்டி வந்த காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். விமானம் விழ ஆரம்பிக்கும். இதற்கு ட்வின் ஆட்டரில் இரண்டு வைத்தியம்.

முதல் வைத்தியம் இறக்கையைத் தாராளமாக வைப்பது. முழுச் சுமையோடு 5,670 கிலோ, இறக்கை 39 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் சுமப்பது 145 கிலோ. ஏ320-ல் அதே ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல்.

இரண்டாவதுதான் அழகானது. இறக்கையின் பின்பகுதி கீழ்நோக்கி மடங்கும், அதுதான் ஃபிளாப். எல்லா விமானத்திலும் உண்டு. ட்வின் ஆட்டரில் அது இரண்டு துண்டாக, நடுவே இடுக்கு விட்டு மடங்குகிறது. அதுவும் இறக்கையின் நுனிவரை. நுனிப் பக்கம் விமானத்தைச் சாய்க்கப் பயன்படும் ஏலரான்களும் ஃபிளாப்போடு சேர்ந்து கீழே தொங்கும். தொங்கிக்கொண்டே சாய்க்கிற வேலையையும் பார்க்கும்.

இடுக்கு எதற்கு? பரப்பை ஒட்டி ஓடும் காற்று உராய்ந்து உராய்ந்து களைத்துப்போகிறது. களைத்த காற்றால் வளைவில் திரும்ப முடியாது. நெல்லையப்பர் தேர் வாகையடி முக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். நேர்த்தெருவில் இழுத்து ஓய்ந்தவர்கள் விலக, புதுக் கைகள் வடத்தில் விழும். அப்புறம்தான் தேர் வளையும். இடுக்குக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு துண்டிலும் காற்றடுக்கு புதிதாகத் தொடங்குகிறது. கூடவே, முன் துண்டைச் சுற்றிய ஓட்டம் பின் துண்டின் மூக்கில் வரும் திடீர் உறிஞ்சலைத் தணித்து வைக்கிறது. இரண்டும் சேர, ஒரே தகடாக இருந்தால் தாங்காத வளைவைத் துண்டுகள் தாங்குகின்றன. (இடுக்கு ஒரு குழாய் மாதிரி காற்றைப் பீய்ச்சி அடிக்கிறது என்று பல பாடங்களில் எழுதியிருக்கும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அந்த விளக்கம் அவ்வளவு சரியில்லை.)

பிறகு இன்ஜினுக்கு வந்தார்கள், சண்டை அங்கேதான் சூடு பிடித்தது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், போடாததும் சுற்றும். ட்வின் ஆட்டரின் பி.டி.6 இன்ஜின் அந்த வகை. எரிபொருளை எரித்துச் சூடான காற்றைத் தள்ளும் டர்பைன் ஒரு தண்டில். அந்தக் காற்றில் சுழன்று புரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைன் வேறு தண்டில். இரண்டுக்கும் நடுவே இரும்புத் தொடர்பு கிடையாது. அத்தான் ஓட்டிய டார்னியர் 228-ன் இன்ஜினிலோ எல்லாம் ஒரே தண்டு.

“நீ லீவரைத் தள்ளினா காத்து கிளம்பிப் போய் அந்தப் பக்கம் சொல்லணும். எங்க இன்ஜின்ல கை அசைஞ்சா புரொப்பெல்லர் உடனே கேக்கும்” என்றார் அத்தான்.

“உடனே கேக்கும் அத்தான், ஆனா தரையில நிக்கும்போது காதைக் கிழிச்சிரும்லா. எங்க இன்ஜினை ஸ்டார்ட் பண்ண புரொப்பெல்லரைச் சேர்த்துச் சுத்த வேண்டாம். மரத்துல செஞ்ச சின்ன மிதவைத் துறையில, பயணிங்க பக்கத்துல நிக்கிற இடத்துல அது எவ்வளவு வசதி தெரியுமா?”

இதில் நான் தம்பி பக்கம். அத்தானிடம் சொல்லவில்லை.

கடல் விமானத்தில் சக்கரத்துக்குப் பதில் மிதவைகள்; தண்ணீரில் பிரேக் கிடையாது. அப்படியானால் நிறுத்துவது எப்படி என்று கேட்டேன். தம்பி தூரத்தில் நின்ற காத்தாடிகளைக் காட்டினான். எங்கள் பக்கம் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். காற்று அளவுக்கு மீறினாலோ, பராமரிப்புக்காக நிறுத்தினாலோ, பெரிய காத்தாடிகளில் இறக்கைகள் தம் அச்சிலேயே திரும்பி விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நின்றுவிடும். புரொப்பெல்லர் அலகுகளும் அப்படித் திரும்பக்கூடியவை. சாய்வைக் குறைத்துக்கொண்டே போய், பூஜ்யத்தையும் தாண்டி மறுபக்கம் திருப்பினால், அதே திசையில் சுற்றிக்கொண்டே காற்றை முன்னால் தள்ளும். விமானம் பின்னால் இழுபடும். இரண்டு இன்ஜின் இருப்பதால் ஒரு பக்கம் முன்னுக்கும் மறுபக்கம் பின்னுக்கும் தள்ளி, நின்ற இடத்தை ஒட்டியே திரும்பலாம். இந்த லீவர்கள் ட்வின் ஆட்டரில் விமானியின் தலைக்கு மேலே, கூரையிலிருந்து தொங்குகின்றன. மாலத்தீவு விமானிகள் வெறுங்காலோடு ஓட்டுவது பிரசித்தம். “ஒரு கை பஸ் கம்பியைப் பிடிச்ச மாதிரி மேலே, கால்ல செருப்பில்ல. இதுக்குப் பேரு பைலட்டு” என்று அக்கா காபி டம்ளரை நீட்டினாள்.

இதனால்தான் ட்வின் ஆட்டர் போகும் இடங்களின் பட்டியல் விசித்திரமாக இருக்கிறது. நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டர் ஓடுதளம், அதுவும் மலைச்சரிவில். ஸ்காட்லாந்தின் பாரா தீவில் கடற்கரை மணலே ஓடுதளம். ஏற்றவற்றம் பார்த்துத்தான் விமான நேரம் குறிப்பார்கள். 2001 ஏப்ரலில் தென்துருவ ஆய்வு நிலையத்தில் நோயுற்ற மருத்துவரைக் கூட்டி வர, துருவ இருட்டில், சுமார் மைனஸ் 60 டிகிரி குளிரில், சறுக்குக் கட்டைகளோடு இறங்கியதும் இதுவே. கிளம்பும்போது கட்டைகள் பனியோடு உறைந்து ஒட்டிக்கொண்டன. குலுக்கிப் பிடுங்கித்தான் கிளப்பினார்கள்.

இப்போது அத்தானின் முதல் கேள்விக்கு வரலாம். ஒரு விமானத்தின் வடிவம் பாதுகாப்பானது என்று அரசு கொடுக்கும் சான்றிதழ்தான் அதன் உயிர். புது வடிவத்துக்கு அதை வாங்க வருடக்கணக்கில் சோதனை, கொள்ளைப் பணம். வைக்கிங் 2006-ல் டி ஹாவிலாண்டின் பழைய விமானங்களுடைய சான்றிதழ்களை வாங்கியது, 2007-ல் புதிய ட்வின் ஆட்டரை அறிவித்தது. எலும்புக்கூட்டில் கை வைத்தால் சான்றிதழ் வேலை முதலிலிருந்து தொடங்கும். ஆகவே இறக்கையும் உடலும் அப்படியே. இன்ஜினுக்கு வலு கூட்டினார்கள், கடிகார முட்கள் இருந்த இடத்தில் திரைகள் வைத்தார்கள், பாரம் தாங்காத சில பாகங்களைக் கூட்டிழைப் பொருளுக்கு மாற்றினார்கள். 2018-ல் ஜாவா பைக் திரும்பி வந்ததற்கு நேர் எதிர் இது. அங்கே முகம் பழசு, இன்ஜின் புதுசு. இங்கே டாஷ்போர்டு புதுசு, எலும்பு பழசு. 2023-ல் இன்னொரு மாதிரியும் அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயரிலேயே ‘கிளாசிக்’ இருக்கிறது.

அலுமினியத்துக்கும் காரணம் உண்டு. தீவில் ஒரு படகு உரசித் தகடு நசுங்கினால், ரிவெட்டைப் பிடுங்கிப் புதுத் தகடு போடலாம். கார்பன் இழையில் உள்ளே என்ன பிளந்திருக்கிறது என்று பார்க்கவே கருவி வேண்டும். உப்புதான் எமன். பறந்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தூத்துக்குடி உப்பளம் பக்கம் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அத்தான் விடவில்லை. மணிக்கு 280 கிலோமீட்டர் ஒரு வேகமா, டார்னியர் 400 போகும் என்றார். உண்மை. கேபினில் காற்றழுத்த வசதி கிடையாது, இரைச்சல் அதிகம். சதுர மீட்டருக்கு 145 கிலோ என்று பெருமைப்பட்டோமே, அதே காரணத்தால் காற்று ஒவ்வொரு முறை முட்டும்போதும் விமானம் கூடுதலாகத் துள்ளும். புதிதாக யாரும் முயலவில்லை என்பதும் இல்லை. பத்தொன்பது பேர் ஏறும் செஸ்னா ஸ்கைகூரியர் 2020-ல் முதன்முதலாகப் பறந்தது. நல்ல விமானம், ஆனால் அதற்கு ஓடுதளம் கூடுதலாக வேண்டும்.

டார்னியரும் ஒரு மறுபிறவிதான் என்பதை அத்தான் வசதியாக மறந்துவிட்டார். 1981-ல் பிறந்த அந்த விமானத்தைக் கான்பூரில் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். இன்னும் செய்கிறது. பயணிகள் சேவைக்கான அதன் வடிவம் 2022 ஏப்ரலில் வடகிழக்கின் திப்ருகர்–பாசிகாட் தடத்தில் பறக்கத் தொடங்கியது. தம்பி இதைச் சொன்னதும் அத்தான் காபியில் மூழ்கிவிட்டார்.

“நம்ம ஊருக்கு வருமால?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

2020-ல் குஜராத்தின் சபர்மதியில் கடல் விமானச் சேவையாக ஓடியது ட்வின் ஆட்டர்தான். 2024 நவம்பரில் கொச்சியிலிருந்து மூணாறு மாட்டுப்பெட்டி அணைக்குச் சோதனையாக வந்திறங்கியதும் அதுவே. மலைக்கு அந்தப் பக்கம்தான். மணிமுத்தாறு அணையில் இறங்கலாமே என்றேன். தண்ணீர் இருந்தால் இறங்கலாம், இல்லாத மாதங்களில் சக்கரம் மாட்டிக்கொண்டு அதே இடத்தில் இறங்கலாம் என்றான் தம்பி.

கீழேயிருந்து அக்கா உளுந்துச் சுளகைக் கேட்டாள். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்து ஓட்டின் மேல் பத்திரமாக இறங்கியிருந்தது.