பனி மட்டும் ஏன் வெள்ளையாகவே இருக்கிறது?

காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலையில் ஐஸ் பார் உடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முழு பாராக இருக்கும்போது ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். மெஷினில் போட்டதும் அதே ஐஸ் வெள்ளை வெளேரென்று கூடையில் கொட்டும். எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. துண்டுகள் சிறிதாகச் சிறிதாக, உள்ளே நுழையும் வெளிச்சம் ஒவ்வொரு துண்டிலும் பட்டுத் திரும்பிச் சிதறி வெளியே வந்துவிடுகிறது. வானத்திலிருந்து விழும் பனியும் இப்படித்தான் வெள்ளையாகிறது.

ராயபுரத்தில் வளர்ந்த நான் பனியை முதன்முதலில் பார்த்தது குல்மார்க்கில், ஒரு ஜனவரி மாதத்தில். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும் கலர் இன்ஃப்ராரெட் ஃபிலிம் இன்னும் கடையில் கிடைத்த காலம் அது. கையில் ஒரே ஒரு ரோல். கழுவி வந்த ஸ்லைடுகளை அக்கா ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். ஊசியிலை மரங்கள் எல்லாம் குங்குமச் சிவப்பு. "மரம்லாம் இப்படி மாறிப்போச்சு, பனி மட்டும் ஏன்டா பனியாவே இருக்கு?" என்று கேட்டாள். சரியான கேள்வி.

சாதாரண கலர் ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று ஒளிகளுக்கு மூன்று அடுக்குகள். இந்த ஃபிலிமில் எல்லாம் ஒரு படி தள்ளிப் போகிறது. பச்சை ஒளி படத்தில் நீலமாக வரும், சிவப்பு ஒளி பச்சையாக வரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு சிவப்பாக வரும். மூன்று அடுக்குகளுமே நீல ஒளியையும் பிடித்துவிடும் என்பதால், அதைத் தடுக்க லென்ஸ் முன்னால் மஞ்சள் ஃபில்டர் கட்டாயம். இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், ஆனால் அகச்சிவப்பைத் தொடாது. இலைக்குள் இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். மரம் சிவப்பானது அதனால்தான். இரண்டாம் உலகப்போரில் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் ஒளித்து வைத்ததை நிஜ இலையிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான் கோடாக் இந்த ஃபிலிமைக் கொண்டுவந்தது.

பனி அப்படி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு மூன்றையும் ஏறக்குறைய சமமாகத் திருப்பி அனுப்புகிறது. படத்தில் நீலமும் பச்சையும் சிவப்பும் சமமாகச் சேர்ந்தால் வெள்ளைதானே!

ஏறக்குறைய என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஐஸ் அகச்சிவப்பைக் கொஞ்சம் குடிக்கும். புதுப்பனியின் துகள் பொடி. வெளிச்சம் ஐஸுக்குள் அதிக தூரம் போகாமலே வெளியே வந்துவிடும். நாள்பட்ட பனியில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். ஐஸ் வழியாகப் போகும் தூரம் கூடும், அகச்சிவப்பு குறையும், படத்தில் சிவப்பு குறைந்து லேசாக நீலப்பச்சை ஏறும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான்.

நிழல் விழுந்த பனிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நேர் வெயில் படாத இடத்துக்கு வானத்து வெளிச்சம் மட்டுமே வரும். காற்று குறுகிய அலைகளைத்தான் அதிகம் சிதறடிக்கும். 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பைவிட 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளி 16 மடங்கு அதிகம் சிதறும். அதனால் அங்கே அகச்சிவப்பு மிகக் குறைவு. என் ஸ்லைடில் சிவப்பு மரத்தின் காலடியில் நிழல் மயில்கழுத்து நிறத்தில் கிடக்கிறது.

எடுப்பது சுலபமில்லை. வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும், பனியைக் காட்டினால் படத்தை இருட்டாக்கிவிடும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஃபிலிமுக்குப் போகும் வெளிச்சம் இரட்டிப்பாகும்). அகச்சிவப்பு அதன் கண்ணில் சரியாகப் படாது என்பதால் அரை ஸ்டாப் ஏற்றி இறக்கி இன்னும் இரண்டு படம் எடுப்பது நல்லது. ஃபிலிமைக் கேமராவில் போடுவதும் முழு இருட்டில்தான்.

அப்புறம் சூடு. அகச்சிவப்பு அடுக்கு சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும். நம்ம ஊர் வெயிலில் ஃபிலிமை ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். வெளியே எடுத்த உடனே டப்பாவைத் திறந்தால் சில்லென்ற சொம்பு வியர்ப்பது போல ஃபிலிமும் வியர்த்துவிடும். சில மணி நேரம் மூடியே வைத்திருக்க வேண்டும். பனியில் சில்லிட்டுப்போன கேமராவை அறைக்குள் கொண்டுவரும்போதும் இதே தொல்லைதான், பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு உள்ளே வர வேண்டும்.

இன்று அந்த ஃபிலிம் தயாரிப்பில் இல்லை. ஆனால் அதன் நிறக்கணக்கு செயற்கைக்கோள் படங்களில் அப்படியே தொடர்கிறது. 1988-இல் ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் கேமராக்களும் அகச்சிவப்பைப் பதிவு செய்தன. அப்படி ஒரு படத்தில் எண்ணூர் கழிமுகத்தைத் தேடிப் பாருங்கள். அலையாத்தி மரங்கள் குல்மார்க் மரங்களைப் போலவே சிவந்திருக்கும். பக்கத்தில் தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிக்கொண்டு இருண்டு கிடக்கும்.