படத்துல சிலுவை இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க

காரைக்குடியில குழந்தைங்களுக்கும் குடும்பங்களுக்கும் கவுன்சலிங் பண்றேன். தேவகோட்டை பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க (அடையாளம் தெரியாம சிலத மாத்தித்தான் எழுதுறேன்), சின்னவனுக்கு ஏழு வயசு, நல்லா தூங்கிட்டு இருந்தவன் ரெண்டு வாரமா பாய நனைக்கிறான், லைட்ட அணைச்சா கத்துறான், யூரின் டெஸ்ட்லாம் நார்மல். டிவில என்ன பாக்குறான்னு கேட்டேன். "கெட்டது எதுவும் காட்ட மாட்டோம் மேடம், கிறிஸ்தவப் படம் மட்டும்தான்."

அதுல ஒன்னுல நரகத்துல ஆளுங்க எரியுற சீன். அதையே திரும்பத் திரும்ப பென்சில்ல வரைஞ்சு வச்சிருந்தான். நெருப்புக்குள்ள நிக்கிற குட்டி உருவத்து முதுகுல அவனோட ஸ்கூல் பேக்.

பெரியவன் ஒன்பதாங்கிளாஸ். அப்பத்தா வீட்டுல ஒரு சாதாரண குடும்பப் படம் பாத்திருக்கான், கோயில் சீன் வருதுன்னு அம்மா வேணாம்னு சொன்ன படம். எங்கிட்ட தனியா சொன்னான், "அதுல அப்பா மகன்கிட்ட சாரி கேட்டாரு மேடம், எங்க வீட்டுல யாரும் கேட்டதே இல்ல."

எது கிறிஸ்தவப் படம், நீங்களே சொல்லுங்க. நான் சர்ச்சுக்குப் போற ஆளுதான், அதனால உரிமையா கேக்குறேன். பைபிள்ல லூக்கா 15-ல இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதைய எடுத்துக்குங்க, ஒரு அப்பா, ரெண்டு புள்ளைங்க, சொத்துப் பிரிவினை, பங்க வாங்கிட்டுப் போய் அழிச்சுட்டு வெறுங்கையோட திரும்பி வர்ற இளைய மகன், நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு நடக்குறது, அதுக்குள்ள ஜெபக்கூட்டமும் இல்ல பிரசங்கமும் இல்ல. நம்ம கையில இருக்குற பைபிள்ல எஸ்தர் புஸ்தகம் பத்து அதிகாரம், தேவனோட பேரு ஒரு எடத்துலகூட வராது, யாராவது அத கிழிச்சா போட்டோம்?

சென்சார் சர்டிபிகேட்டும் பாருங்க, 2024-ல இருந்து யு/ஏ-வ 7+, 13+, 16+னு பிரிச்சிருக்காங்க, ஆனா அது வயசுக்குத்தான், யூடியூப்ல போடுற பல படத்துக்கு அதுவும் கிடையாது. அதனால கூட உக்காந்து பாருங்க. தப்பு பண்ணவன அந்தப் படம் என்ன பண்ணுது, அடிச்சுத் தொரத்துதா, திரும்ப வீட்டுக்குள்ள சேக்குதா, அத கவனிங்க. முடிஞ்சதும் "உனக்கு எங்க பயமா இருந்துச்சு"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, புள்ள பேசும்.

போன வாரம் அந்த அப்பாவும் வந்தாரு. சின்னவன் இப்ப தூங்குறானாம். பசங்க வெளிய போனதும் கேட்டாரு, "பெரியவன்கிட்ட நான் சாரி கேட்டா மரியாத போயிடுமா மேடம்?"

"லூக்கா 15-ல ஓடிப்போய் கட்டிப்புடிச்சது யாரு சார்?"ன்னேன். கொஞ்ச நேரம் தரையவே பாத்துட்டு இருந்துட்டு, "அப்பாதான்"னாரு.