பிரெஞ்சில் 98 வாங்கிய பிள்ளைகளின் பெற்றோருக்கு

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும், "பிரெஞ்சில் 98 சார், பி.ஏ. பிரெஞ்சில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்த மொழியைக் கற்பித்து வருகிறவன் நான். பட்டப்படிப்பாக அதை எடுக்கும் பிள்ளையைக் கண்டால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனாலும் அந்த 98ஐ மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்றே சொல்கிறேன்.

அது பெரும்பாலும் எழுதி வாங்கிய மதிப்பெண். பிரெஞ்சுத் திறனை அளக்க உலகெங்கும் ஏற்கப்படும் டெல்ஃப் தேர்வு கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்குக்கும் தலா 25 மதிப்பெண் வைத்திருக்கிறது. தேர்ச்சிக்கு மொத்தம் 50 போதும். ஆனால் எழுத்தில் முழு மதிப்பெண் வாங்கினாலும் பேச்சில் 5க்குக் கீழே போனால் தோல்விதான். பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள் ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் இடத்தில் திணறுவதை அடிக்கடி பார்க்கிறேன். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் அதில் நான்காம் படியான பி2 நிலையை எட்டாத பட்டத்துக்கு வேலைச் சந்தையில் மதிப்புக் குறைவு.

இன்னொரு பக்கம், பள்ளியில் பிரெஞ்சே படிக்காத தமிழ் வழி மாணவர்கள் தயங்கி ஒதுங்குகிறார்கள். அது தேவையில்லாத தயக்கம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பிரெஞ்சில் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கலாம். சேர்க்கை க்யூட் நுழைவுத் தேர்வு வழியாக.

கல்லூரி தேடும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தமிழுக்குப் பதிலாகப் பகுதி 1 மொழிப்பாடமாகப் பிரெஞ்சு வைத்திருக்கும் கல்லூரிகள் பல. முதன்மைப் பாடமாக நடத்துபவை மிகக் குறைவு.

ஈபிள் கோபுரத்தின் படத்தைப் பார்த்துச் சேர்கிறவர்களை இரண்டாம் ஆண்டுப் பாடங்கள் உலுக்கிவிடும். 1789 புரட்சி, அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம், அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சி செய்த கொடுமைகள், ஆப்பிரிக்காவின் செனெகலும் கனடாவின் கியூபெக் மாநிலமும் பிரெஞ்சில் எழுதிய இலக்கியம் எல்லாமே பாடம்தான். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் உயிரே இங்குதான் இருக்கிறது. அல்ஜீரியா விடுதலை பெற்ற அதே 1962இல்தான் புதுச்சேரியும் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பிறப்பு, திருமணம், சொத்து ஆவணங்கள் இன்றும் இரு மொழிகளுக்கிடையே போய்வந்துகொண்டிருக்கின்றன. தமிழையும் பிரெஞ்சையும் ஒருசேர ஆழமாக அறிந்தவர்களோ அரிது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் தமிழ் இங்கே பெரிய மூலதனம். அதை விட்டுவிட வேண்டாம்.

வேலை என்று பார்த்தால் ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. ஏர்பஸ், கேப்ஜெமினி போன்ற, பிரான்சோடு தொடர்புள்ள நிறுவனங்கள் அங்கே இயங்குகின்றன. ஆனால் மொழியோடு கணக்குப்பதிவோ கணினித் திறனோ சேர்ந்தால்தான் கதவு அகலமாகத் திறக்கிறது.

"மூன்று மாதம் பிரெஞ்சு படித்தால் கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு" என்று சொல்லும் முகவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அங்கே பிரெஞ்சு அறிந்தோருக்குத் தனி வாய்ப்பு உண்டு என்பது உண்மை. அதற்குக் கனடாவின் மொழி அளவுகோலில் நான்கு திறன்களிலும் ஏழாம் நிலை வேண்டும். அது ஏறக்குறைய பி2. புதிதாகத் தொடங்குகிறவர் அதை எட்டச் சுமார் 500 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

கல்லூரி திறக்கும் முன்பு கிடைக்கும் விடுமுறையில் பிள்ளையை ஒரு ஏ1 (தொடக்க நிலை) வகுப்பில் சேர்த்துப் பாருங்கள். பெங்களூரு வசந்த் நகரில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் மையம் இருக்கிறது. பயணம் முடியாதவர்கள், பிரெஞ்சு வானொலியான ஆர்.எஃப்.ஐ. கற்பவர்களுக்காகவே எளிய நடையில் வழங்கும் பத்து நிமிடச் செய்தியை இணையத்தில் தினமும் கேட்கலாம். முதலில் ஒன்றும் புரியாது. புரியாவிட்டாலும் மறுநாள் தானாகவே போய்க் கேட்கிற பிள்ளையைத் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.