ஃபியூஸ பெருசா போட்டா போன் வேகமா சார்ஜ் ஏறாது, வயர் தான் எரியும்

போன வாரம் ஒரு கார் வந்துச்சு, லைட்டர் சாக்கெட் வேலை செய்யல, உள்ள கருகுன வாசனை வேற வருதுன்னு. கன்சோல கழட்டி சாக்கெட்ட வெளிய இழுத்து பாத்தா பின்பக்க பிளாஸ்டிக் உருகி வழிஞ்சு அப்படியே கெட்டியாயிருக்கு, பாசிட்டிவ் வயரோட இன்சுலேஷன் இளகி பக்கத்துல போற ரெண்டு வயரோட ஒட்டிக்கிட்டு இருக்கு, நகத்தால பிரிச்சா உள்ள காப்பர் தெரியுது. ஃபியூஸ் பாக்ஸ் மூடியில அந்த இடத்துக்கு 10 ஆம்ப்னு தெளிவா போட்டிருக்கு, அப்படின்னா அங்க சிவப்பு ஃபியூஸ் இருக்கணும். இருந்தது பச்சை. 30 ஆம்ப்.

ஏன்னு கேட்டேன். "போன் சார்ஜ் ரொம்ப ஸ்லோவா ஏறுச்சுண்ணே, ஃபியூஸ் வேற ரெண்டு தடவ போயிருச்சு, பெருசா போட்டா கரண்ட் நல்லா வரும்னு சொன்னாங்க"ங்கறார். கூடவே பின்சீட்டுல அவரோட சின்னப் பொண்ணு உக்காந்திருக்கு. எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா அவர்மேல இல்ல, இத சொல்லிக்குடுத்த ஆள் மேல. இதே வேலையோட எங்கிட்ட வர்ற எத்தனாவது வண்டி இதுன்னு கணக்கே விட்டுப்போச்சு, அதான் உக்காந்து எழுதறேன்.

ஃபியூஸ் போனுக்காக வெச்சது இல்லங்க. சாக்கெட்டுல சொருகற சார்ஜர் அடாப்டருக்காகவும் இல்ல. அது வயருக்காக வெச்சது. சாக்கெட்டுக்கு போற வயர் எவ்வளவு ஆம்ப் தாங்கும்னு பாத்து, அதுக்கு மேல போனா வயர் சூடாகறதுக்கு முன்னாடி நான் அறுந்துக்கறேன்னு நிக்கற ஒரு சின்ன தகடு தான் அது. அந்த இடத்துல 30 போட்டா வயர் தடிமனாகுமா? அதே வயர் தான். இப்ப என்ன ஆகும், முன்னாடி 10 தாண்டுனா ஃபியூஸ் போகும், இப்ப 20, 25 ஓடுனாலும் ஃபியூஸ் சும்மா இருக்கும், வயர் டேஷ்போர்டுக்குள்ள யார் கண்ணுக்கும் தெரியாம வெந்துக்கிட்டே இருக்கும். போனுக்கு அதனால ஒரு துளி கரண்ட் கூட அதிகமா வராது. போன் தனக்கு எவ்வளவு வேணும்னு கேக்கும், அடாப்டர் தன்னால எவ்வளவு முடியும்னு சொல்லும், ரெண்டும் ஒத்துக்கிட்ட அளவு தான் ஓடும், இதுல ஃபியூஸுக்கு ஒரு வேலையும் கெடையாது. கணக்கு போட்டே பாருங்க, நல்ல 60 வாட் அடாப்டர் முழு வேகத்துல ஓடுனாலும் 12 வோல்ட்ல அது இழுக்கறது அஞ்சு அஞ்சரை ஆம்ப் தான். 10 ஆம்ப் ஃபியூஸே தாராளம். அப்படி இருக்கறப்ப ஃபியூஸ் போகுதுன்னா போன் சார்ஜால போகல, வேற எங்கயோ ஷார்ட் இருக்கு, இல்ல அதே சாக்கெட்டுல வேற ஏதோ பெரிய லோடு ஓடுது. இவர் விஷயத்துல அடாப்டரே உள்ள ஷார்ட். ஃபியூஸ் ரெண்டு தடவ அவருக்கு சொல்லிப் பாத்துச்சு, மூணாவது தடவ அது வாயவே அடைச்சிட்டாங்க.

ஃபியூஸ் போன இடத்துல காப்பர் கம்பிய சுத்தி வெக்கறவங்களுக்கும் இதே தான். தயவுசெஞ்சு வேண்டாம்.

சரி, அப்ப போன் ஏன் ஸ்லோவா ஏறுச்சு? அவர் முதல்ல போட்டது மியூசிக் ஸ்க்ரீனுக்கு கீழ இருக்கற யூஎஸ்பி போர்ட்ல. பல வண்டியில, குறிப்பா கொஞ்சம் பழைய மாடல்ல, அது பென்டிரைவ்ல பாட்டு கேக்கறதுக்கும் போன ஸ்க்ரீனோட இணைக்கறதுக்கும் வெச்ச போர்ட், 5 வோல்ட்ல அரை ஆம்ப், அதாவது ரெண்டரை வாட் தான் தரும். 5000 எம்ஏஹெச் பேட்டரின்னா கிட்டத்தட்ட 19 வாட்-ஹவர், போன ஆஃப் பண்ணி போட்டாலே ஏழெட்டு மணி நேரம் ஆகும். நீங்க மேப் போட்டு, ஸ்க்ரீன் ஃபுல் பிரைட்னஸ், ஜிபிஎஸ், நெட் எல்லாம் ஓடவிட்டா போன் அந்த ரெண்டரை வாட்டையும் அங்கயே செலவு பண்ணிரும். அதான் சார்ஜ்ல போட்டும் பெர்சன்டேஜ் கொறையுது. போர்ட் ரிப்பேர் இல்ல, மாத்திக் குடுங்கன்னு எங்கிட்ட கேக்காதீங்க. புது வண்டியில டைப் சி போர்ட் இருக்கும், ஆனா ஓட்டை டைப் சி வடிவத்துல இருக்கறதாலயே அது ஃபாஸ்ட் சார்ஜர் ஆயிடாது. எத்தன வாட்னு ஓனர் மேனுவல்ல இருக்கும், பாருங்க. 15 வாட்டும் இருக்கு, அதுக்கு மேலயும் இருக்கு.

வேகம் வேணும்னா அந்த லைட்டர் சாக்கெட்டுல, அதான் 12 வோல்ட் சாக்கெட்டுல, நல்ல PD (பவர் டெலிவரிங்கற ஃபாஸ்ட் சார்ஜ் முறை) அடாப்டர் போடுங்க. சில கம்பெனி போன்லாம் தன்னோட சொந்த முறையில தான் முழு வேகத்துல ஏறும், மத்த அடாப்டர் போட்டா சாதா வேகத்துக்கு எறங்கிரும், அதனால உங்க போன் எத ஏத்துக்கும்னு பாத்து வாங்குங்க. ரெண்டு போர்ட் இருக்கற அடாப்டர்ல பெருசா எழுதியிருக்கற வாட் பெரும்பாலும் ரெண்டுக்கும் சேத்து, ரெண்டு போன் போட்டா பிரிஞ்சிரும். கேபிள்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, உள்ள வயர் தலைமுடி மாதிரி இருக்கற நீளமான கேபிள்ல வோல்ட்டேஜ் வழியிலயே கொறஞ்சு போயிரும், அடாப்டர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் பிரயோஜனமில்ல. லாரி, பஸ் ஓட்டறவங்க ஒண்ணு கவனிங்க, உங்களுது 24 வோல்ட், 12-24ன்னு எழுதியிருக்கற அடாப்டர் மட்டும் தான் போடணும்.

அடாப்டர போட்டா சாக்கெட்ல கிண்ணுனு உக்காரணும். வண்டி குலுங்கறப்ப ஆடுதுன்னா அந்த லூஸ் கான்டாக்ட்ல தான் சூடு கிளம்பும், அந்த இடம் தான் முதல்ல பழுப்பாகும். கொஞ்ச நேரம் கழிச்சு தொட்டுப் பாருங்க, இதமான சூடு பரவாயில்ல, விரல் வெக்க முடியலன்னா தூக்கிப் போடுங்க. மல்டி பிளக் ஒண்ணு மாட்டி அதுல போன், டேஷ்கேம், டயருக்கு காத்தடிக்கற பம்ப் எல்லாத்தையும் சொருகறாங்க, அந்த பம்ப் ஒண்ணே 10 ஆம்ப் கிட்ட இழுக்கும். சாக்கெட்ட தெறந்து விடாதீங்க, மூடி போட்டு வைங்க. நடு பின் பாசிட்டிவ், சுத்தி இருக்கற சுவர் நெகட்டிவ், ஒரு நாணயம் உள்ள விழுந்து ரெண்டையும் தொட்டா அவ்வளவுதான், நான் இடுக்கியில நாணயம் எடுத்த சாக்கெட் நெறய இருக்கு.

போன கண்ணாடிகிட்ட ஹோல்டர்ல வெயில் படற மாதிரி மாட்டிட்டு சார்ஜ் ஏறலன்னு சொல்றவங்களும் உண்டு. சூடானா போன் தானே சார்ஜ கொறைக்கும், இல்ல நிறுத்திரும், பேட்டரிய காப்பாத்த அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நிழல்ல, ஏசி காத்து படற இடத்துல மாட்டுங்க. வயர்லெஸ் பேட்ல வெச்சாலும் சூடு தான், வேகமும் கம்மி.

அந்த வண்டிக்கு சாக்கெட், வயர் ரெண்டும் புதுசு போட்டு, சிவப்பு ஃபியூஸ அவர் கையிலயே குடுத்து சொருகச் சொன்னேன். நீங்களும் இன்னைக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஃபியூஸ் பாக்ஸ் மூடிய தெறந்து, அதுல போட்டிருக்கற நம்பரும் சாக்கெட் ஃபியூஸோட தலையில இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாத்துருங்க. ஃபியூஸ்ல நம்பர் பெருசா இருந்தா அத புடுங்கிட்டு, சாக்கெட்ல எதையும் சொருகாம, வயர ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க.